கடைசித் தெருவுக்குக் காத்து மட்டும் வருது

கேள்வி, 3 மே 2025

திருப்புல்லாணிக்குத் தெற்கே கடலோரக் கிராமம் எங்களுது. வீட்டுக்கு வீடு குழாய் போட்டாச்சு. டேங்க் பக்கத்துத் தெருவுல குடம் நிறையுது, எங்க கடைசித் தெருவுல குழாயைத் திறந்தா புஸ்ஸுன்னு காத்துதான். பாதி நாள் அம்மாவும் அக்காவும் தள்ளுவண்டியில குடத்தை அடுக்கி உருட்டிக்கிட்டுப் போய் ஊத்துத் தண்ணி எடுத்துட்டு வர்றாங்க. அண்ணன் டொரன்டோவுல இருக்கான். அங்க மைனஸ் இருபதுலயும் குழாய்ல தண்ணி வருது, பனி கொட்டுனா மறுநாள் ரோடு பளிச்சுன்னு இருக்கு, நம்ம ஆளுகளுக்கு நிர்வாகம்னா என்னன்னே தெரியாதுங்கிறான். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க: இது தண்ணி இல்லாத பிரச்சினையா, ஆளு சரியில்லாத பிரச்சினையா?

4 மே

ரெண்டும் இல்லை தம்பி. வால்வு.

இதே கடற்கரையில் ஒன்றியத்து மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் ஊர்ப் பெயர் தெரியாமலே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். முப்பதாயிரம் லிட்டர் டேங்க், 120 வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். வீட்டுக்கு நாலரைப் பேர் என்றால் சுமார் 250 லிட்டர். 120 வீட்டுக்கு முப்பதாயிரம். காகிதத்தில் சொட்டுக் குறைவில்லை.

இப்போது டேங்கை ஒட்டிய நாற்பது வீடு குழாயில் அரை ஹெச்.பி. மோட்டாரை மாட்டி உறிஞ்சி சம்ப்பை, அதாவது தரைக்கடித் தொட்டியை, நிரப்புகிறது. வீட்டுக்கு 600 லிட்டர். 24,000 போச்சு. மிச்ச 80 வீட்டுக்கு 6,000, அதாவது வீட்டுக்கு 75. அதுவும் சமமாகப் போகாது, நடுத்தெருவோடு நின்றுவிடும். அதற்கப்புறம் இருப்பவருக்குத்தான் உங்கள் காத்து. டேங்க் நிறைந்தது என்று ரிஜிஸ்டரில் எழுதியிருக்கும். அது பொய்யும் இல்லை.

4 மே, ராத்திரி

மோட்டார் வைத்தவர்களைப் பிடித்து இணைப்பைத் துண்டிக்க வேண்டியதுதானே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். துண்டிக்கலாம். அந்த நாற்பது வீட்டில் ஒன்று போன தலைவர் வீடாக இருக்கும், இன்னொன்று டேங்க் ஆபரேட்டரின் மச்சான் வீடாக இருக்கும். போய்த் துண்டித்துவிட்டு வந்து எழுதுங்கள்.

6 மே

தண்ணி எங்கிருந்து வருகிறது என்று கேட்டவருக்கு. திருச்சிக்கு மேற்கே முத்தரசநல்லூரில் காவிரியிலிருந்து எடுத்து, புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டங்களுக்கும் கொடுத்துவிட்டு, கடைசியில் நம் ராமநாதபுரத்துக்கு. 2009-ல் ஓட ஆரம்பித்தது, 616 கோடி ரூபாய்த் திட்டம். ஆக உங்கள் தெரு ஊருக்குக் கடைசி, உங்கள் ஊர் கிளைக் குழாய்க்குக் கடைசி, நம் மாவட்டம் மொத்தக் குழாய்க்கே கடைசி. வழியில் தண்ணியைத் தள்ளிவிடும் ஒரு பூஸ்டர் நிலையத்தில் கரண்ட் போனாலும், எங்கோ ரோடு போடுகிற ஜேசிபி குழாயில் பல்லை வைத்தாலும் முதலில் வறண்டுபோவது இங்கேதான். வைகையும் அப்படித்தான் நமக்கு வந்து சேர்ந்தது. ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வந்து சேர்வதற்குள் ஆற்றில் மிச்சம் என்ன இருந்ததோ அதுதான் நம் பங்கு.

காவிரிக்கு முன்னாடி நரிப்பையூரில் கடல்தண்ணியைக் குடிதண்ணியாக்கும் நிலையம் கட்டினார்கள், 1990-களின் கடைசியில். நாளொன்றுக்கு 38 லட்சம் லிட்டர். இன்றைய இயந்திரத்திலேயே ஆயிரம் லிட்டர் கடல்தண்ணியை நல்ல தண்ணியாக்க மூணு நாலு யூனிட் கரண்ட் ஆகும், உப்பை வடிகட்டும் சவ்வை அடிக்கடி மாற்ற வேண்டும். கட்டுவதற்குப் பணம் கிடைக்கும் தம்பி, கொட்டகையில் விளக்குப் போட்டு ரிப்பன் வெட்டுவார்கள். சவ்வு மாற்றுவதற்கு யார் ரிப்பன் வெட்டுவார்?

9 மே

ஆபரேட்டர்களைத் திட்டி நிறையப் பேர் எழுதியாகிவிட்டது. அதனால் ஒரு ஆபரேட்டரைப் பற்றி.

ஏர்வாடிப் பக்கம் ஒரு காக்கா இருந்தார். இந்தப் பக்கத்து முஸ்லிம் வழக்கில் காக்கா என்றால் அண்ணன். ஊரே காக்கா என்றுதான் கூப்பிடும், நானும். வால்வு சாவி என்பது இடுப்பளவு இரும்புக் கம்பி, மேலே குறுக்குப் பிடி, கீழே வால்வுத் தலையைக் கவ்வுகிற சதுரக் குழி. காக்கா குழியின் மூடியைத் தூக்கி, உள்ளே இருக்கும் மண்ணைச் சிரட்டையால் வழித்து எறிவார். சாவியை இறக்கி மாட்டிவிட்டுக் குனிந்து பிடியில் காதை வைப்பார். தண்ணி ஓடினால் கம்பி வழியாக ஒரு இரைச்சல் ஏறும். காத்து ஓடினால் விட்டு விட்டு இருமும். எனக்கும் வைத்துக் காட்டினார், முதலில் ஒன்றும் பிடிபடவில்லை, பிறகு பிடிபட்டது. "கேட்டீங்களா சார், இன்னும் காத்து கக்குது. இப்பவே முழுசாத் தொறந்தா ஜாயின்ட் பிடுங்கிரும்" என்பார். ரெண்டு சுத்து திறந்து பீடி ஒன்று முடிகிற வரை நிற்பார், பிறகு மிச்சத்தைத் திறப்பார்.

எந்தத் தெருவுக்கு எத்தனை சுத்து என்பது அவர் தலையில் மட்டும்தான் இருந்தது. மேட்டுத் தெருவுக்கு முழுசு, டேங்கடித் தெருவுக்குக் கால்வாசி. அவர் இருந்தவரை கடைசித் தெருவில் சண்டை கேட்டதே இல்லை. அவர் மகளைப் பார்க்க வெளியூர் போன வாரம் ஒன்றியத்துக்குக் காலிக்குடத்தோடு வந்துவிட்டார்கள்.

9 மே, பின்னால்

"நல்ல மனிதர்கள் இருந்தால் எல்லாம் நடக்கும்" என்று ஒருவர் இதற்குக் கீழே எழுதியிருக்கிறார். நான் சொல்ல வந்தது அதற்கு நேர் எதிர். காக்கா மாதிரி ஒருவர் இருந்தால்தான் தண்ணி வரும் என்றால் அந்த ஊரில் குடிநீர் நிர்வாகம் இல்லை, காக்கா இருக்கிறார், அவ்வளவுதான்.

11 மே

டொரன்டோ அண்ணனுக்கு. கனடாவில் மண் உறைகிற ஆழத்துக்குக் கீழே குழாயைப் புதைக்கிறார்கள், பல ஊர்களில் ரெண்டு மீட்டர் வரைகூடப் போகும். அப்படியும் 2014 குளிர்காலத்தில் வின்னிபெக் நகரில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குக் குழாய் உறைந்துபோய், உறையும் ஆபத்துள்ள வீடுகள் ராப்பகலாகக் குழாயைக் கொஞ்சம் திறந்தே வைக்க வேண்டும் என்று நகராட்சியே சொன்னது. நம் ஊரில் குழாயை மூடச் சொல்லிப் போர்டு வைக்கிறோம், அங்கே திறந்து வைக்கச் சொல்லி.

பனி அள்ளுவதிலும் ஒரு விஷயம் உண்டு, அண்ணன் சொல்லியிருக்க மாட்டார். அங்கேயும் கடைசித் தெரு கடைசிதான்! விரைவுச்சாலை முதலில், பிறகு பெரிய ரோடு, பஸ் போகிற ரோடு, எல்லாம் முடிந்துதான் குடியிருப்புத் தெரு. ஆனால் டொரன்டோ நகராட்சி அதை எழுதி வைத்தது: பெரிய ரோட்டில் 5 சென்டிமீட்டர் படிந்தால் வண்டி இறங்கும், வீட்டுத் தெருவில் 8 சென்டிமீட்டர் படிந்தால் இறங்கும் என்று. அண்ணன் வீட்டு வாசலில் ஸ்கேலை வைத்து அளந்து, இன்னும் எட்டு வரவில்லை, வண்டி வராது என்று தெரிந்துகொள்ளலாம். கோபம் வந்தாலும் எதன்மேல் கோபப்படுவது என்று தெரியும்.

உங்கள் தெருவுக்கு இன்றைக்குத் தண்ணி முறை உண்டா இல்லையா என்று உங்களால் சொல்ல முடியுமா? அண்ணன் ஊருக்கும் நம் ஊருக்கும் நான் பார்க்கிற வித்தியாசம் அது ஒன்றுதான். குளிரோ பணமோ அப்புறம்.

12 மே

பணமும்தான், சரி. நாலு பேர் எழுதியதும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு அட்டையில் எழுதுவதற்கு எத்தனை கோடி வேண்டும்?

20 மே

மோட்டார் வைத்த நாற்பது வீட்டைப் பற்றி யோசித்துக்கொண்டே இருந்தேன். எங்கள் வீட்டிலும் சம்ப் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணி எப்போது வரும் என்று தெரியாதவன் என்ன செய்வான்? வரும்போது கையில் கிடைத்ததையெல்லாம் நிரப்புவான். மறுநாள் புதுத்தண்ணி வந்தால் பழசைக் கொட்டிவிட்டு மறுபடி பிடிப்பான். எங்கள் தெருவில் சாக்கடையில் ஓடுகிற நல்ல தண்ணியில் பாதி அதுதான், முந்தாநாள் பிடித்த தண்ணி. நேரம் உறுதியாகத் தெரிந்தால் குறைவாகப் பிடிப்பார்கள்.

சும்மா சொல்லவில்லை. பூரி ஜெகந்நாதர் ஊர் இருக்கிறதே, ராமேஸ்வரம் மாதிரியே கடல், கோயில், யாத்திரைக் கூட்டம். அங்கே 2021 ஜூலையில் நாள் முழுக்கக் குழாயில் தண்ணி, அப்படியே குடிக்கலாம் என்று தொடங்கினார்கள். எல்லா வீட்டிலும் மீட்டர். குழாயில் எந்நேரமும் அழுத்தம் இருந்தால் இன்னொரு லாபமும் உண்டு. நம் ஊர் மாதிரி ஒரு மணி நேரம் விட்டு மூடினால் காலிக்குழாய் உறிஞ்ச ஆரம்பிக்கும். ஜாயின்ட் ஓட்டை சாக்கடைக்குள் இருந்தால் சாக்கடையையே உறிஞ்சும். தண்ணி திறந்ததும் முதல் குடம் கலங்கலாக வருவதற்கு அதுதான் காரணம், டேங்க் கழுவாதது மட்டுமல்ல. முதல் குடத்தைச் செடிக்கு ஊற்றுங்கள்.

நமக்கு இருபத்து நாலு மணி நேரமும் வேண்டும் என்று கேட்க மாட்டேன். ரெண்டு நாளைக்கு ஒருமுறை, ஆனால் காலை ஆறு என்றால் ஆறு.

1 ஜூன்

குளோரின் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். புது பிளீச்சிங் பவுடரில் குளோரின் மூணில் ஒரு பங்கு. லட்சம் லிட்டருக்கு 1 மில்லிகிராம் கணக்கில் கலக்க 300 கிராம் போதும், முப்பதாயிரம் லிட்டர் டேங்குக்கு 90 கிராம். ஆனால் நம் கடலோர மோட்டார் ரூமில் மூட்டையின் வாயைத் திறந்துபோட்டால் ஈரக்காத்தில் பவுடர் செத்துப்போகும், வெறும் சுண்ணாம்புதான் மிஞ்சும். மூக்கில் நெடி ஏறாத பவுடரை எத்தனை கரண்டி போட்டாலும் பிரயோஜனம் இல்லை. பவுடரை வாளித் தண்ணியில் கரைத்துத் தெளிய விட்டு, மேலே தெளிந்ததை மட்டும் டேங்கில் ஊற்ற வேண்டும். மூட்டையோடு ஏறி நேராகக் கொட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சோதனைக் குப்பியில் தண்ணி பிடித்து ரெண்டு சொட்டு மருந்து விட்டால், குளோரின் இருந்தால் மஞ்சளாகும். கடைசித் தெருக் குழாயில் பிடித்துப் பாருங்கள், டேங்கடியில் பிடித்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

23 ஜூன்

இழை எங்கோ போய்விட்டது, போகட்டும். கச்சான் காத்து, அதாவது தென்மேற்குக் காத்து, இறங்கிவிட்டது. நேற்று தனுஷ்கோடி போயிருந்தேன்.

பனியள்ளும் வண்டி நமக்கு எதற்கு என்று சிரித்தவர்கள் அங்கே போய்ப் பாருங்கள். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரைக்கும் 2017-ல் திறந்த ரோடு, ரெண்டு பக்கமும் கடல். ஆண்கடல் என்கிற தெற்குக் கடல் பக்கமிருந்து மணல் புகைபோல் தரையோடு ஓடி வந்து ரோட்டில் படிகிறது. தார் தெரியவில்லை. ஜேசிபி ஒன்று வழித்து ஓரத்தில் தள்ளுகிறது, டிரைவர் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு. அவர் திரும்பி வருவதற்குள் வழித்த இடத்தில் மறுபடி மணல். டூரிஸ்ட் வேன் ஒன்று பின்சக்கரம் புதைந்து நிற்க, இறங்கித் தள்ளினார்கள்.

தேசிய நெடுஞ்சாலை அது, ஊராட்சி, நகராட்சிக் கணக்கில் வராது. ஆனாலும் வேலை ஒன்றுதான். குளிர்நாட்டில் பனிக்கு வேலி போடுவார்கள். பாதி அடைப்பு, பாதி இடைவெளி உள்ள வேலி. முழுச் சுவர் வைத்தால் காத்து ஏறிக் குதித்துவிடும், பாதி அடைத்தால் வேகம் குறைந்து பனி வேலியின் பின்னாலேயே விழும். வேலியின் உயரத்தைப் போல 35 மடங்கு தூரம் வரை குவியல் நீளும், அதனால் வேலியை ரோட்டை விட்டு அவ்வளவு தள்ளி வைக்க வேண்டும். ரோட்டோரத்தில் வைத்தால் வேலியே குவியலை ரோட்டில் கொண்டுவந்து சேர்க்கும்.

நம் மணலில் அந்த வேலையை ராவணன் மீசைப் புல்லும் அடும்புக் கொடியும் கூலி வாங்காமல் செய்கின்றன. வேன் நிறுத்துவதற்கும் கடை போடுவதற்கும் அதை வழித்துவிட்டுப் பிறகு மணலை அள்ள டெண்டர் விடுவது நம் பழக்கம்.

24 ஜூன்

"அங்கே ரோட்டில் உப்புப் போடுகிறார்களே, மணலும் போடுவார்களா?" போடுவார்கள். உப்பு ஐஸை இளக்கும், ஆனால் மைனஸ் பத்துக்குக் கீழே போனால் சாதாரண உப்புக்கு வேகம் போதாது. அப்போது டயர் வழுக்காமல் இருக்க மணலைத் தூவுவார்கள், வசந்தத்தில் அதைக் கூட்டி அள்ளுவார்கள். வாலிநோக்கத்தில் அரசாங்கமே உப்பளம் நடத்துகிறது, தனுஷ்கோடி ரோட்டில் மணல் கிடக்கிறது. ரெண்டையும் கப்பலேற்றி அண்ணனுக்கு அனுப்பிவிடலாம்.

13 ஜூலை

உப்பு என்றதும் விட்டுப்போன ஒன்று. அவர்கள் ரோட்டில் தூவுகிற உப்பு பாலங்களுக்குள் இறங்கிக் கம்பியை அரிக்கிறது, அதற்காகக் கோடி கோடியாகச் செலவு. நமக்குக் கடல் இலவசமாகவே செய்கிறது. புதுப் பாம்பன் ரயில் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, துருவைத் தடுக்கும் பாலிசிலோக்ஸேன் பூச்சு எல்லாம் போட்டு 2025 ஏப்ரலில் திறந்தார்கள். ஊருக்குள் நிற்கிற டேங்குக்கு யார் அதெல்லாம் போடுவார்?

தூணின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். காரை உப்பி, நீளவாக்கில் வெடிப்பு ஓடினால் உள்ளே கம்பி துருவேறி ஊதியிருக்கிறது. கம்பிக்கு மேலே காரை எத்தனை கனம் என்பதுதான் விஷயம். கடலோரக் கட்டடத்துக்கு 45 மில்லிமீட்டர், கடல் தெறிக்கிற இடத்துக்கு 50 என்று இந்தியத் தரக் கோட்பாடு 456 சொல்கிறது. உடைந்து விழுந்த சில்லைக் கையில் எடுத்து ஸ்கேல் வைத்துப் பாருங்கள். விரல் கனம்கூட இல்லாத தூண்களை நான் பார்த்திருக்கிறேன். மேலே சுண்ணாம்பு அடித்து, தலைவர் பெயர் எழுதி, "பராமரிப்பு" என்று பில் போட்டிருந்தார்கள். அடியில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

14 ஜூலை

ஊத்துத் தண்ணியை மட்டமாக எழுதியவருக்கு: மணல்மேட்டில் மழைத்தண்ணி உப்புத்தண்ணியின் மேலே மிதக்கிறது, கனம் குறைவு என்பதால். கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணி நின்றால் கீழே நாற்பது அடி வரை நல்ல தண்ணி இருக்கும் என்பது கணக்கு. தனுஷ்கோடியில் கையால் மணலைத் தோண்டிச் சிரட்டையில் முகந்து குடிக்கிறார்கள், பத்தெட்டு வைத்தால் கடல். ஆனால் அதிலேயே போர் போட்டு மோட்டாரால் உறிஞ்சினால் ஒரு அடி இறங்கும்போது கீழேயிருந்து நாற்பது அடி உப்பு ஏறி வரும். பெண்கள் முகக்கிற வேகத்தில் முகந்தால் மட்டும்தான் அது நல்ல தண்ணி.

2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் கொட்டியது. நம் மாவட்டத்தின் ஒரு வருஷ மழையில் பாதிக்கு மேல். அதில் எவ்வளவு மணலுக்குள் போனது, எவ்வளவு மோட்டார் வைத்துக் கடலுக்கு இறைத்தோம்?

3 ஆகஸ்ட்

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார். ஆபரேட்டரிடம் பேசினாராம், "எனக்கு யாரும் எதுவும் எழுதிக் குடுக்கல அண்ணே, யாரு சத்தம் போடுறாங்களோ அவங்களுக்குத் தொறக்குறேன்" என்றாராம். நேர்மையான பதில். அவருக்குச் சம்பளம் எவ்வளவு என்று நீங்கள் கேட்டீர்களா என்று தெரியாது, கேட்டால் கோபம் போய்விடும்.

ஆகஸ்ட் 15 கிராம சபை. தலைவர்கள் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்து தனி அலுவலர் பொறுப்பில் ஓடுகிறது, அதனால் கையைக் காட்ட ஆள் இல்லை என்று நினைக்காதீர்கள். இப்போதுதான் யார் மச்சானும் நாற்காலியில் இல்லை. தண்ணி வேண்டும் என்று பொதுவாகக் கேட்காதீர்கள், நடவடிக்கை எடுக்கப்படும் என்று எழுதி மூடிவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: தெருவை மூணாகப் பிரிக்க ரெண்டு வால்வு. கடைசித் தெருவுக்கு முதல் முறை, டேங்கடித் தெருவுக்குக் கடைசி முறை. எந்தக் கிழமை, எத்தனை மணி, எத்தனை சுத்து. குளோரின் சோதனை கடைசிக் குழாயில். அவ்வளவும் டேங்க் தூணில் எழுத வேண்டும், பெயின்ட்டில். உப்புக்காத்தில் பேப்பர் நிற்காது.

வெடிப்பு இல்லாத தூணாகப் பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

16 ஆகஸ்ட்

தீர்மானம் போட்டாகிவிட்டதாம். டேங்கடித் தெருக்காரர் ஒருவர் எழுந்து "அவங்களுக்கு முதல்ல விட்டா எங்களுக்கு என்ன மிஞ்சும்" என்று கேட்டாராம். இத்தனை வருஷம் உங்கள் தெரு கேட்ட அதே கேள்வி. பதிலைக் கணக்கோடு காட்டுங்கள்: மோட்டார் இல்லாவிட்டால் அவருக்கும் 250 லிட்டர்.

தீர்மான எண்ணை எழுதி வைத்துக்கொண்டீர்களா? நகல் வாங்குங்கள். ரெண்டு வால்வுக்கு மதிப்பீடு போடும்போது குழி மூடியையும் சேர்க்கச் சொல்லுங்கள், அதை எப்போதும் விட்டுவிடுவார்கள்.